சந்தை கலையும்போது கிளம்பலாமா? சரிந்துவரும் சமூக வலைத்தளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் எனக்கு ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. 2006, 2007 வாக்கில் கல்லூரிப் பிள்ளைகள் காத்திருந்து, அன்றைக்குப் பேர்போன சமூக வலைத்தளமான ஆர்குட்டில் ஐடி திறந்துவிட்டுப் போவார்கள். மெயில் ஐடி இல்லாதவர்களுக்கு அதையும் சேர்த்துத் திறந்து கொடுக்க 10 ரூபாய் வாங்கினேன். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா, ஆதார் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். அன்றைக்கு ஐடி திறந்தவர்களில் சிலர் காதோரம் நரைத்துப்போய் வந்து, "ஏனுங்க, இந்த ஃபேஸ்புக்க மூடிப்போடலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். சிலருக்கு ஃபேஸ்புக், சிலருக்கு எக்ஸ் (பழைய ட்விட்டர்). ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்க: போகலாமா, வேண்டாமா?

மூட்டையை இன்றைக்கே கட்டிவிடுங்கள். கிளம்புவதை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இரண்டும் நடக்காமல் போகிறது. "போகலாமா, போகலாமா" என்று யோசித்தே மூன்று வருடம் ஓட்டியவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். அந்த மூன்று வருடத்தில் படங்களை ஒருநாள் உட்கார்ந்து இறக்கி வைத்திருக்க மாட்டார்கள். போவதற்குப் பெரும்பாலும் அவசரம் இருக்காது. எடுத்து வைப்பதற்கு உண்டு. நேரமில்லாதவர்கள் கீழே "மூட்டை கட்டுவது எப்படி" என்ற கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

ஒரு தளம் சரிகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புஞ்சைப் புளியம்பட்டியில் வியாழக்கிழமைச் சந்தை பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் மாடு கொண்டுவந்தவரும் வாங்க வந்தவரும் நெருக்கியடிப்பார்கள். வெயில் ஏறினதும் மாட்டுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். அப்போதும் சந்தையில் ஆள் இருக்கும். ஆனால் இருப்பவர்கள் தரகர்கள். அவர்களுக்குள்ளேயே துண்டுக்குள் கைவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சந்தை நடப்பதுபோலத்தான் தெரியும்.

சரிகிற தளமும் அப்படித்தான். கூட்டம் குறைந்ததாகவே தெரியாது, இன்னும் இரைச்சலாகக்கூட இருக்கும். அதனால் கூட்டத்தை எண்ணாதீர்கள். செயலியைத் திறந்து முதலில் வரும் 20 பதிவுகளை எண்ணுங்கள். அதில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் போட்டது எத்தனை? போன வாரம் நான் எண்ணியபோது நான்கு வந்தது. மிச்சம் விளம்பரம், "உங்களுக்காக" என்று யாரோ தள்ளிவிட்டது, பழைய சினிமாக் காட்சி, அப்புறம் கம்ப்யூட்டரே வரைந்த ஒரு பாட்டி, கையில் ஆறு விரலோடு கேக் வைத்துக்கொண்டு "எனக்கு யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை" என்கிறார். கீழே ஆயிரம் பேர் வாழ்த்தியிருக்கிறார்கள். அந்த ஆயிரத்தில் மனிதர்கள் எத்தனை பேர் என்பது இன்னொரு கேள்வி.

இது நம் பக்கத்து அடையாளம். நடத்துகிறவர்கள் பக்கமும் அடையாளம் உண்டு: இலவசமாக இருந்த ஒன்றைக் காசுக்கு மாற்றுவது, வெளியே இருந்து பார்க்க முடிந்ததை உள்ளே வந்தால்தான் பார்க்கலாம் என்று அடைப்பது. ட்விட்டரை 2022 அக்டோபர் கடைசியில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். 2023 ஜனவரியில், ட்விட்டரைப் பார்க்க வெளியார் செய்த செயலிகளைத் தடுத்தார்கள். மார்ச்சிலிருந்து எஸ்எம்எஸ் வழி இரட்டைப் பாதுகாப்பு (பாஸ்வேர்டோடு எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணையும் கேட்பது) காசு கட்டுபவர்களுக்கு மட்டும் என்று ஆனது. ஏப்ரலில் பழைய நீலக் குறிகளை எடுத்தார்கள். ஜூலையில் பெயரையே எக்ஸ் என்று மாற்றினார்கள். நீலக் குறி என்றால் "இவர் இன்னார்தான்" என்று பொருள் இருந்தது. பிறகு "இவர் காசு கட்டுகிறார்" என்று ஆனது. இந்த மாதிரி ஒன்று நடந்தால் பொறுக்கலாம். ஆறு மாதத்துக்குள் நாலு நடந்தால் மூட்டைக் கயிற்றைத் தேட வேண்டியதுதான்.

நல்லாத்தானே இருந்தது? ஏன் இப்படி ஆகிறது?

புதிதாகத் திறந்த மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் அளவில்லாச் சாப்பாடு, பொரியல் இரண்டு, கேட்டால் அப்பளம். கூட்டம் சேர்ந்ததும் அப்பளம் ஒன்றாகும், பொரியல் ஒன்றாகும். பக்கத்தில் வேறு கடை இல்லையென்றால் ரசத்தில் தண்ணீரும் ஏறும்.

தளங்கள் முதலில் நம்மை இழுக்கச் செலவு செய்கின்றன. நாம் சேர்ந்ததும், நம்மைக் காட்டிக் கடைக்காரர்களை இழுக்கின்றன. ஒரு காலத்தில் ஃபேஸ்புக் பேஜில் போட்டதெல்லாம் பின்தொடர்பவர்களில் கணிசமான பேருக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது "பூஸ்ட்" போடச் சொல்லி பட்டன் வருகிறது. நம் ஆட்களிடம் நாம் பேசுவதற்கு நாமே காசு கட்ட வேண்டும். நாமும் கடைக்காரரும் நகர முடியாதபடி மாட்டிக்கொண்ட பிறகு எல்லா லாபமும் முதலாளி பக்கம் திரும்புகிறது. இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். கெட்ட வார்த்தை கலந்திருப்பதால் கடையில் அதை நான் சொல்வதில்லை.

எல்லாம் பேராசையால் என்றும் சொல்ல முடியாது. ஆர்குட்டை ஃபேஸ்புக் ஜெயித்தது, அவ்வளவுதான். நம் நாட்டில் தொடங்கிய கூ செயலி 2020-இல் வந்து, மந்திரிகள்கூட அதில் சேர்ந்து, 2024 ஜூலையில் மூடப்பட்டது. கைகொடுக்கச் சொல்லிப் பெரிய நிறுவனங்களோடு நடத்திய பேச்சு கைகூடவில்லை.

சரிந்தால் மூடித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. சரிவது வேறு, சாவது வேறு. ஃபேஸ்புக்குக்கு முன்னால் பெரிதாக இருந்த மைஸ்பேஸ் சரிந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, பெயர் இன்னும் இருக்கிறது. ஆனால் 2015-க்கு முன்னால் அதில் ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றும்போது போய்விட்டதாக 2019-இல் வெளியே தெரிந்தது. பலகை தொங்குகிறது, உள்ளே இருந்த சரக்கைக் காணோம்.

மூடுவது என்று முடிவெடுத்தால் எவ்வளவு நாள் தருவார்கள் என்பதற்கும் கணக்கு இல்லை. ஆர்குட்டை மூடப்போவதாக 2014 ஜூன் 30-இல் சொன்னார்கள், செப்டம்பர் 30-இல் மூடினார்கள். ஆனால் ஸ்க்ராப்பையும் (ஒருவர் பக்கத்தில் மற்றவர் எழுதிவிட்டுப் போகும் செய்தி) படங்களையும் இறக்கிக்கொள்ள 2016 செப்டம்பர் வரை விட்டார்கள். பெருந்தன்மைதான். கூகுளின் இன்னொரு சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஆகஸ்டில் மூடும் என்று 2018 அக்டோபரில் அறிவித்து, இரண்டே மாதத்தில் அதை ஏப்ரலுக்கு முன்னே இழுத்தார்கள். யாஹூ குரூப்ஸில் வருடக்கணக்காகச் சேர்ந்த கடிதங்களை அழிக்கப்போவதாக 2019 அக்டோபரில் சொன்னபோது மக்களுக்குக் கிடைத்தது சில வாரங்கள். டிக்டாக்குக்கு அதுவும் இல்லை. 2020 ஜூன் 29-ஆம் தேதி இரவு அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. மறுநாள் கடைக்கு வந்த ஒரு பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர், "அண்ணா, என் வீடியோ எல்லாம் எங்க போச்சு?" என்று போனை நீட்டினார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பாதிப் பேர் போய்விட்டார்கள், பாதிப் பேர் இருக்கிறார்களே. பாதிக்குப் பாதி சரிதானே?

கணக்குப் போட்டால் அப்படி வராது. 100 பேர் இருக்கும் இடத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 4,950 ஜோடிகள் சேரலாம். 50 பேர் போய்விட்டால் மிஞ்சுவது 1,225. பாதி ஆள் போனால் முக்கால்வாசிப் பேச்சு போகிறது. "ஏனோ திடீர்னு அமைதியாயிருச்சு" என்று தோன்றுவது இதனால்தான்.

ஆனால் நீங்கள் அந்த 100 பேரோடும் பேசியதில்லை, இல்லையா? உங்களுக்கென்று இருப்பது பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தப் பெயர்களை எழுதுங்கள். எத்தனை பேர் இன்னும் அங்கே புழங்குகிறார்கள்? எட்டுப் பேர் இருந்தால் ஊரே காலியானாலும் உங்களுக்கு அது உயிருள்ள இடம். இரண்டு பேர்தான் என்றால், கோடிக்கணக்கில் ஆள் இருந்து என்ன பயன்? இரண்டு பேருக்குப் போன் போட்டுவிடலாம்.

எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. காதர்பேட்டையில் சரக்கு எடுத்து பேஜில் போட்டு விற்கிறோம். நாங்கள் என்ன செய்வது?

திருப்பூர்க்காரர்கள், சென்னிமலைப் பெட்ஷீட்காரர்கள், சிறுமுகைச் சேலைக்காரர்கள் எல்லோரும் கேட்பது இதுதான். இவர்களுக்கு மட்டும் என் பதில் கறாராக இருக்கும்: பேஜை மூடாதீர்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

முதல் வேலை, ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம் வரும் ஒவ்வொரு ஆர்டருக்கும் "எங்க பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு எழுதுங்கள். தளம் காட்டும் லைக், ரீச் எல்லாம் தளத்தின் கணக்கு. நோட்டில் இருப்பது உங்கள் கணக்கு. ஒருவர் இப்படி எழுதிப் பார்த்தபோது பேஜிலிருந்து வந்ததைவிட, பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்து வந்ததும்தான் அதிகம் இருந்தது. அவர் பூஸ்ட் போடுவதை நிறுத்திவிட்டார். வேறொருவருக்கு நேர்மாறாக, முக்கால்வாசி பேஜிலிருந்துதான் வந்தது. அவரைப் போகச் சொல்ல நான் யார்?

இரண்டாவது, வாங்கியவர்களின் நம்பர். பேஜில் 30,000 பேர் பின்தொடர்கிறார்கள் என்றால் அந்த 30,000 பேரும் தளத்துக்குச் சொந்தம். அவர்கள் கேட்டுச் சம்மதித்துக் கொடுத்த 400 நம்பர் உங்களுக்குச் சொந்தம். திங்கள் இரவு ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் கடை போடுபவர்களைப் பாருங்கள். இடம் மாறினாலும் வெளியூர் வியாபாரி தேடிவந்து நிற்பார், ஏனென்றால் நம்பர் இருக்கிறது. பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: கடைப்பெயர், போன் நம்பர், இடம். கூகுள் மேப்பிலும் கடையைச் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது விஷயம் யாரும் யோசிக்காதது. பேஜை ஆரம்பித்துக் கொடுத்தது யார்? பெரும்பாலும் அக்கா மகனோ, டிசைன் போடும் பையனோ. அவன் ஒருவன்தான் அட்மின் என்றால், அவன் கோபத்தில் தன் கணக்கை அழித்தால் உங்கள் பேஜைத் திறக்க ஆள் இருக்காது. இன்றைக்கே இன்னொரு அட்மினைச் சேருங்கள். அப்படியே எந்தெந்தச் செயலிக்குள் "ஃபேஸ்புக் வழியாக" நுழைந்திருக்கிறீர்கள் என்று பார்த்து, அவற்றுக்குத் தனியாகப் பாஸ்வேர்டு வையுங்கள். கணக்கு போனால் அந்தக் கதவுகளும் சாத்திக்கொள்ளும்.

எங்கள் வாய்க்கால் பாசன குரூப்புக்கு நான் அட்மின். எல்லோரையும் வேறு இடத்துக்கு நகர்த்த முடியுமா?

ஒருவர் போவது சுலபம், ஊர் போவது கஷ்டம். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் விதிகளை மாற்றப்போவதாகச் சொன்னபோது ஊரே கொதித்து, சிக்னலும் டெலிகிராமும் ஏற்றிக்கொண்டது. அந்த வாரம் நானே ஐம்பது போனில் ஏற்றிக் கொடுத்திருப்பேன். பொங்கல் முடிவதற்குள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஏனென்றால் மாமனார் அங்கே வரவில்லை.

நகர்த்துவது என்றால் காலம் பார்த்துச் செய்ய வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் ஆகஸ்ட் பாதியில் தண்ணீர் விடும் சமயத்தில் குரூப்பை மாற்றினால் மடை திறந்த செய்தி பாதிப் பேருக்குப் போகாது, சண்டைதான் வரும். வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மே, ஜூனில் செய்யுங்கள். நோம்பி (ஊர்த் திருவிழா) சாட்டுவதுபோலத் தேதி குறித்து முன்கூட்டியே சொல்லுங்கள். எல்லோரும் மதிக்கும் இரண்டு பேரை முதலில் கொண்டுபோய் உட்கார வையுங்கள், மற்றவர்கள் தானாக வருவார்கள். ஒரு போகம் முடியும்வரை இரண்டு இடத்திலும் செய்தி போடுங்கள். அந்தக் கூடுதல் வேலை அட்மின் தலையில்தான் விழும், தெரிந்தே இறங்குங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது குரூப்பிலேயே மட்டமான போன் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் போனில் ஓடுகிற செயலிதான் உங்கள் செயலி.

மூட்டை கட்டுவது எப்படி?

ஃபேஸ்புக்கில் அமைப்புகளுக்குள் போய், கணக்கு மையத்தில் "உங்கள் தகவல்" என்று இருக்கும் பகுதியில் தகவலைப் பதிவிறக்கும் வழி இருக்கிறது. எக்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் அதேபோல. கேட்டவுடன் வராது. தயாரானதும் மெயில் வரும், சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகலாம். அந்த லிங்க் சில நாளில் காலாவதியாகும், அதனால் வந்ததும் இறக்கிவிடுங்கள். தேதி வரம்பில் "ஆரம்பத்திலிருந்து" என்பதையும் படத் தரத்தில் உயர்ந்ததையும் தேர்ந்தெடுங்கள்.

தமிழில் எழுதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எந்த வடிவில் வேண்டும் என்று கேட்கும்போது எச்டிஎம்எல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜேசான் என்று எடுத்தால் ஃபேஸ்புக் தரும் கோப்பில் தமிழ் எழுத்தெல்லாம் குறி குறியாகக் கொத்துக்கறி போட்டதுபோல் இருக்கும். சரிசெய்ய வழி உண்டு, ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும். நம்பியூர்ப் பக்கமிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பத்து வருடக் கவிதைகளை இப்படி இறக்கிவிட்டு, எல்லாம் அழிந்துபோயிற்று என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார்.

இறக்கியதில் எல்லாம் இருக்காது. நீங்கள் எழுதியது வரும். உங்கள் பதிவுக்குக் கீழே மற்றவர்கள் போட்ட பதில்கள் வராது. நோம்பியில் அடுத்தவர் எடுத்து உங்களை டேக் செய்த படங்கள் வராது. நண்பர்களின் பெயர்கள் வரும், போன் நம்பர் வராது. எந்தப் பேச்சு முக்கியமோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யாருடைய நம்பர் வேண்டுமோ இப்போதே கேளுங்கள்.

வள்ளி கும்மி அரங்கேற்றத்தை நேரலையில் போடுகிற குழுக்கள் இந்தப் பத்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஃபேஸ்புக் நேரலை வீடியோக்களை 30 நாள் மட்டுமே வைத்திருப்போம் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டார்கள். பேஜில் இருக்கிறது, ஊர் இருக்கும்வரை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இறக்கியதை ஒரே பென்டிரைவில் போட்டு பீரோவில் வைக்க வேண்டாம். இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு வீட்டில்.

இறந்தவர்களின் பக்கங்கள் அங்கே இருக்கின்றனவே?

இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை. வேறு எதையோ கேட்டுவிட்டுக் கடைசியில் இங்கே வந்து நிற்பார்கள்.

என் கூட்டாளி ஒருவன் பவானி ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டான். அப்போது நாங்கள் புழங்கிய தளத்தில் அவன் எனக்கு எழுதியதெல்லாம் அற்பப் பேச்சு: "டீ குடிக்க வர்றியா", "தியேட்டர்ல கூட்டமா இருக்கு, வராத". தளத்தை மூடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியும். இறக்குவது எப்படி என்று வந்தவர்களுக்கெல்லாம் நானே சொல்லிக் கொடுத்தேன். என்னுடையதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த நாளைக்கு வரவில்லை. குற்றம் தளத்தின் மேல் இல்லை, என் மேல்தான். நான் ஏன் மூட்டை மூட்டை என்று உயிரை வாங்குகிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஃபேஸ்புக்கில் இறந்தவரின் கணக்கை நினைவுப் பக்கமாக மாற்ற வீட்டார் விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே "எனக்குப் பிறகு இவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒருவரைக் குறித்தும் வைக்கலாம். ஆனால் நீங்கள் கணக்கை அழித்துவிட்டுப் போனால், நண்பர்களுக்கு மட்டும் திறந்திருக்கும் அவர் பக்கத்தை உங்களால் திரும்பப் பார்க்க முடியாது. அதற்காகவே கணக்கை வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அது போதுமான காரணம். வேறு காரணம் எதுவும் தேவையில்லை.

போனால் எங்கே போவது?

போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அங்கிருந்து வெளியே வர முடியுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

2011 ஜனவரி 20-க்கு முன்னால் நம் பக்கத்தில் சிம் கம்பெனியை மாற்றினால் நம்பரும் மாறும். அதற்குப் பயந்தே டவர் கிடைக்காத சிம்மை வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். நம்பரை எடுத்துக்கொண்டே போகலாம் என்று ஆனதும் கம்பெனிகள் நம்மிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தன. சமூக வலைத்தளங்களில் அந்த வசதி இன்னும் வரவில்லை. ஐரோப்பாவில் தன் தகவலை எடுத்துச் செல்லும் உரிமை 2018 முதல் சட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டில் 2023-ஆம் வருடம் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தகவலை அழிக்கக் கேட்கும் உரிமை உண்டு, எடுத்துச் செல்லும் உரிமை இல்லை. வரைவில் இருந்ததை எடுத்துவிட்டார்கள்.

அந்த வசதிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது மாஸ்டடான். 2016-இல் வந்தது. ஒரு முதலாளி இல்லை. பலர் தனித்தனியாகச் சர்வர் நடத்துகிறார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பின்தொடர்பவர்களோடு மாறலாம். பழைய பதிவுகள் கூட வராது. எந்தச் சர்வரில் சேர்வது என்ற முதல் கேள்வியிலேயே நம் ஆட்கள் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். புளூஸ்கை 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தது. பழைய ட்விட்டர் மாதிரி இருக்கும், சுலபம். த்ரெட்ஸ் 2023 ஜூலையில் வந்து ஐந்தே நாளில் 10 கோடிப் பேரைச் சேர்த்தது. ஆனால் அது இன்ஸ்டாகிராம் முதலாளியின் இன்னொரு கடைதான். ஸோகோ நிறுவனத்தின் "அரட்டை" செயலியை நம் ஊர்ச் சரக்கு என்று ஆசையோடு ஏற்றுகிறார்கள். ஏற்றிப் பாருங்கள். நம் நாட்டுச் செயலி என்பதால் மட்டும் நிலைத்துவிடாது என்பதைக் கூ காட்டிவிட்டது.

என்னைக் கேட்டால், புது இடத்தில் கணக்கைத் திறந்துவைத்துவிட்டு ஆறு மாதம் சும்மா எட்டிப் பாருங்கள். துண்டுக் காகிதத்தில் எழுதிய அந்தப் பத்துப் பேரில் மூன்று பேர் வந்தால் நீங்களும் பேச ஆரம்பியுங்கள்.

டீஆக்டிவேட் செய்வதா, டெலீட் செய்வதா?

டீஆக்டிவேட் என்பது வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது. டெலீட் என்பது இடிப்பது. ஃபேஸ்புக்கில் டெலீட் கொடுத்தாலும் 30 நாளுக்குள் மனம் மாறித் திரும்பலாம், முழுதாக அழிய 90 நாள் வரை ஆகும். எக்ஸில் 30 நாள். நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பிய செய்திகள் அவர் பெட்டியில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

நான் பெரும்பாலும் டெலீட் வேண்டாம் என்றே சொல்வேன். கொஞ்சம் பெயர் தெரிந்தவர் என்றால் நீங்கள் விட்ட பெயரில் இன்னொருவர் வந்து உட்காரலாம். அப்புறம் "அவசரமாக 5,000 ஜிபே பண்ணுங்க" என்று உங்கள் ஒறம்பரைக்கெல்லாம் (சொந்தக்காரர்களுக்கெல்லாம்) செய்தி போகும். கணக்கை வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைப் பாதுகாப்புப் போட்டு, பொட்டாட்டம் (சத்தமில்லாமல்) விட்டுவிடுங்கள். தொந்தரவு செய்கிறவரிடமிருந்து தப்பிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஆதாரங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அழித்துவிடலாம்.

முதலாளியின் போக்கு பிடிக்கவில்லை. அதற்காகவே போகலாமா?

தாராளமாக. அது கணக்குப் பார்த்துச் செய்வது இல்லை. ஆனால் போகிறவர்கள், இருப்பவர்களைக் கோழை என்று திட்டிவிட்டுப் போகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தறிக்காரர் சேலை விற்க அங்கே நிற்கிறார். அவர் முதலாளியின் கட்சியில் சேர்ந்துவிடவில்லை.

போக முடிவு செய்துவிட்டேன், கை தானாக அங்கேயே போகிறது.

செயலியை மட்டும் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் பிரௌசரில் பாஸ்வேர்டு அடித்து நுழையுங்கள். பாஸ்வேர்டு அடிக்கிற சோம்பேறித்தனமே பாதி மருந்து.

எல்லோரும் போன பிறகு இருப்பதில் சுகம் இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். சந்தை கலைந்த பிறகு மிச்சக் கத்திரிக்காயைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஒரு டீ வாங்கிக்கொண்டு, ஊர்க்கதை பேச உட்காருவார்களே, அந்த நேரம் மாதிரி. கூட்டம் இருந்தபோது சண்டை போட்டவர்கள்கூட அப்போது நன்றாகப் பேசுவார்கள். நான் இன்னும் ஒரு பழைய தளத்தில் நாலு பேரோடு அப்படித்தான் இருக்கிறேன். மூட்டை கட்டி வைத்திருப்பதால் பயமில்லாமல் இருக்கிறேன்.

விடைபெறுகிறேன் என்று பதிவு போட வேண்டுமா?

சாபம் விட்டு நாலு பக்கம் எழுத வேண்டாம். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தால் அதையே எடுத்துக் காட்டுவார்கள். நம் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வர்றேனுங்க" என்றுதான் சொல்வார்கள். அந்த அளவில் இருந்தால் போதும். எங்கே இருப்பீர்கள், எப்படித் தொடர்புகொள்வது என்பதை மட்டும் எழுதி, பக்கத்தின் மேலே பின் செய்துவிட்டு வாருங்கள்.

நான் பார்த்ததிலேயே நல்ல விடைபெறும் பதிவு அந்தியூர்ப் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவர் எழுதியது: "இனி இங்க வர மாட்டேனுங்க. பொழுதோட தோட்டத்துல சாளையிலதான் இருப்பேன். வர்றவங்க இட்டேரியில வண்டிய நிறுத்திட்டுச் சத்தம் குடுங்க, நாய் அவுத்து உட்டிருக்கும்."